கார்த்திகை முதல் தெப்பம் வரை: இரவல் கேமராவோடு சில மாலைகள்

கேமரா என்னுடையதன்று. கல்யாண வீடுகளுக்குப் படமெடுக்கும் சித்தப்பா, புதியது வாங்கியபின் அலமாரியில் வைத்துவிட்ட கேனான் 1500டி-யைப் போன ஐப்பசியில் என்னிடம் கொடுத்தார். "சித்திரை வரைக்கும் வச்சுக்கோ, கழுத்துல இருந்து பெல்ட்டை மட்டும் கழட்டிராத" என்பது மட்டுமே அவர் விதித்த நிபந்தனை. அதனுடன் வழக்கமான 18-55 லென்ஸும், எஃப் 1.8 வரை, அதாவது மங்கிய வெளிச்சத்திலும் எடுக்கும் அளவுக்கு அகலமாகத் திறக்கும் 50 மி.மீ. லென்ஸும் கிடைத்தன. கல்லூரி இரண்டாமாண்டு மாணவியான எனக்குப் பகலில் வகுப்பு இருந்ததால், மதுரையையும் சுற்றுப்புறத்தையும் விளக்கு ஏற்றிய பிறகு மட்டுமே படமெடுக்க முடியும் என்ற நிலை. திருவிழா விளக்குகளை எடுக்கலாம் என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது. விளக்குதான் இருக்கிறதே, வெளிச்சத்துக்கு என்ன குறை என்று அப்போது நினைத்திருந்தேன்.

தொடக்கம் திருக்கார்த்திகை. அன்று மீனாட்சியம்மன் கோயிலில் பொற்றாமரைக் குளத்தைச் சுற்றிலும் லட்ச தீபம் ஏற்றுவார்கள் என்றாலும் உள்ளே கேமராவுக்கு அனுமதியில்லை. கண்ணால் மட்டும் பார்க்க வேண்டிய காட்சி ஊரில் ஒன்றாவது இருக்கட்டும் என்று அம்மாச்சி ஊருக்குக் கிளம்பினேன். அங்கே மாமா ஆண்டுதோறும் மாவலி சுற்றுவார். காய்ந்த பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கிப் பொடித்து, பழைய துணியில் இறுக்கிச் சுருட்டிக் கட்டி, பிளந்த பனைமட்டைகளுக்கு நடுவே வைத்துக் கயிற்றில் பிணைத்து, ஒரு முனையில் நெருப்பிட்டுத் தலைக்கு மேல் சுழற்றினால், கரிப்பொடி ஒவ்வொன்றும் தனித்தனிப் பொறியாகச் சிதறி ஆளைச் சுற்றி ஒரு நெருப்புக் குடை விரியும்.

அந்தக் குடை என் முதல் படங்களில் வரவேயில்லை. கேமராவைத் தானியங்கி நிலையில் வைத்து அழுத்தியபோது, இருட்டில் எதன்மேல் குவிப்பது என்று தெரியாமல் லென்ஸ் முன்னும் பின்னும் முனகிக்கொண்டேயிருந்தது. பிறகு பிளாஷ் தானாக எழும்பி மாமாவின் லுங்கியையும் பின்னாலிருந்த மாட்டுக் கொட்டிலையும் பளிச்சென்று காட்டியதில், பொறிகள் போன இடம் தெரியவில்லை. மாமா மூன்றாவது மாவலியைக் கட்டிக்கொண்டிருந்த இடைவெளியில் அவர் நிற்கப்போகும் இடத்தில் தம்பியைச் செல்போன் டார்ச்சுடன் நிறுத்தினேன். அவன் முகத்தின்மேல் குவித்தபின், அது மறுபடி மாறாதபடி குவிப்பைக் கைமுறைக்குத் திருப்பினேன். கேமராவைத் திண்ணையில் ஒரு தலையணைமேல் வைத்து, ஐ.எஸ்.ஓ. எனும் ஒளியுணர்வு 100, லென்ஸின் துளை எஃப் 8, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 2 நொடி என்று அமைத்தேன். இந்த முறை வட்டம் முழுதாக விழுந்தது. பொறிகள் வளைந்து தரையில் விழுந்து துள்ளியதுகூடக் கோடுகளாகப் பதிந்திருந்தது. மாமாவின் உருவம் மட்டும் புகைபோலக் கலங்கி வந்தது. அவருக்கு அதில் குறைதான். எனக்கு அது பிடித்திருந்தது.

அதே ஊரில் கொளுத்திய சொக்கப்பனையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுற்றியுள்ள இருட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்ட கேமரா, ஓலை பற்றியெரிந்த தழலை வெறும் வெள்ளைத் திட்டாக்கிவிட்டது. நான் அதைக் கவனித்து வெளிச்சத்தைக் குறைப்பதற்குள் பனை பாதி எரிந்து போயிருந்தது.

திரும்பி வந்து சித்தப்பாவிடம் படங்களைக் காட்டினேன். மாவலியை அவர் வெகுநேரம் பார்த்தார். தெருவில் வரிசையாக அகல் விளக்குகள் எரியும் படங்களை மட்டும் மளமளவென்று தள்ளிவிட்டார். அவற்றில் கறுப்புத் துணியில் குத்திய பொட்டுகள்போல விளக்குகள் மட்டுமே இருந்தன. வீட்டுக் கூரையோ, வாசற்படியோ, கோலமோ ஒன்றும் புலப்படவில்லை. "வானம் கறுத்துட்டா பல்பு மட்டுந்தான் தெரியும், ஊரு தெரியாது" என்றார். சூரியன் மறைந்து இருபது, முப்பது நிமிடங்களில் வானம் ஆழ்ந்த நீலமாகும். அப்போது வானத்தின் வெளிச்சமும் விளக்கின் வெளிச்சமும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்து நிற்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது அவர் சொன்னதன் பொருள்.

மார்கழியில் அதைச் சோதித்துப் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் கீழவெளி வீதியில் புனித மரியன்னை பேராலயத்துக்கு எதிரே மாலை ஐந்தரைக்கே போய் நின்றேன். நீலம் படிந்த வானத்தில் இரட்டைக் கோபுரங்களும் விளக்குச் சரங்களும் ஒன்றாக வந்தபோது, சித்தப்பா சொன்னது சரி என்று தெரிந்தது. ஆனால் வேறொரு சிக்கல் முளைத்தது. கடைகளில் தொங்கிய காகித நட்சத்திரங்களுக்கு நடுவே ஓடிய சிறுவர்களை எடுக்க ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்கு ஏற்றியதும், படத்தின் குறுக்கே இருண்ட பட்டைகள் விழத் தொடங்கின. அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் ஒன்று பளிச்சென்றும் மற்றொன்று மங்கியும் இருந்தன. கேமரா பழுதாகிவிட்டதோ என்று அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

பழுது கேமராவில் இல்லை. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது, மலிவான எல்.இ.டி. சரங்கள் அதற்கேற்ப நொடிக்கு 100 முறை கூடிக் குறைந்து எரிகின்றன. கண்ணுக்கு அது தெரிவதில்லை. இந்தக் கேமராவில் 1/200-ஐத் தாண்டினால் ஷட்டர் திரை ஒரே நேரத்தில் முழுதாகத் திறப்பதில்லை, ஒரு குறுகிய பிளவாகக் கீழிறங்குகிறது. அந்தப் பிளவு நகரும்போதே விளக்கு மங்கினால் அந்த இடம் பட்டையாகிறது. 1/100 அல்லது 1/50 வைத்தால் முழுத் துடிப்புகள் அடங்கிவிடும், பட்டையும் போய்விடும். ஓடும் சிறுவர்கள் அப்போது கலங்கித்தான் வருவார்கள், அதற்கு வழியில்லை. நிற்கும் சிறுவர்களைத் தேடிக்கொண்டேன்.

நான் உண்மையில் காத்திருந்தது தைப்பூசத் தெப்பத்துக்காக. திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டுவித்த வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் பக்கத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் அடி நீளமுள்ளது, நடுவே மைய மண்டபம். தண்ணீரில்லாமல் நிலைத்தெப்பமாகவே திருவிழா நடந்த ஆண்டுகளைப் பற்றி அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். இந்த முறை குளம் நிறைந்திருந்தது. மீனாட்சியும் சுந்தரேசுவரரும் காலையில் இரண்டு சுற்று, இரவில் ஒரு சுற்று வருவார்கள். எனக்கு வேண்டியது இரவுச் சுற்று.

பூசமும் பௌர்ணமியும் சேர்ந்து வரும் நாளானதால், மேற்குக் கரையில் நின்றால் மைய மண்டபத்துக்குப் பின்னால் நிலா எழும் என்று கணக்கிட்டு நாலரை மணிக்கே சுற்றுச்சுவரோரம் இடம் பிடித்தோம். இரவுக் கூட்டத்தில் தனியாக விட முடியாது என்று அம்மாவும் வந்திருந்தார். அந்த நெரிசலில் கேமரா முக்காலியை விரித்தால் யாராவது இடறி விழுவார்கள் என்பதால், மஞ்சப்பையில் ஒரு கிலோ இட்லி அரிசியைக் கொட்டி வாயைக் கட்டி எடுத்துப்போனேன். அதைச் சுவரின்மேல் வைத்து நடுவில் குழி செய்து கேமராவை அமுக்கினால், அரிசி நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு அப்படியே இறுகிக்கொள்கிறது. இத்தனை மாதங்களில் நான் கண்டுபிடித்த ஒரே சாதனம் இதுதான். செலவும் இல்லை, மறுநாள் அம்மா அதை ஊறவும் போட்டுவிட்டார்.

நிலா வந்தது. மண்டபத்தில் விளக்கு எரிந்தது, வானம் நீலமாயிற்று. எல்லாம் எதிர்பார்த்தபடி நடக்க, தெப்பம் மட்டும் நகரவில்லை. நீலம் கரைந்து கறுப்பாகி, மேலும் வெகுநேரம் சென்ற பிறகே வடம் பிடித்தார்கள். என் வானத்துக்காகச் சாமி புறப்படாது என்பதை யோசிக்காமல் இருந்திருக்கிறேன்.

சரங்கள் சுற்றிய தெப்பம் எங்கள் கரைப்பக்கம் திரும்பியபோது, 50 மி.மீ. லென்ஸை முழுதாகத் திறந்து, ஐ.எஸ்.ஓ. 1600, ஷட்டர் 1/50 என்று வைத்திருந்தேன். அதற்குமேல் ஷட்டரை மெதுவாக்கினால் தெப்பம் கலங்கும். முதல் சில படங்களில் மீண்டும் கறுப்புத் துணியும் பொட்டுகளும்தான். பிறகு, அரிசிப் பை சரிந்ததாலா நான் குனிந்ததாலா தெரியவில்லை, கேமரா சற்றுக் கீழே தாழ்ந்து, படத்தின் பாதிக்குமேல் தண்ணீர் வந்தது. தெப்பத்தின் பச்சையும் மஞ்சளும் அலைகளில் நீண்டு உடைந்து கரைவரை வந்திருந்தன. அந்த வெளிச்சத்திலேயே, வடத்தை இழுத்துக்கொண்டு நடந்தவர்களின் தோள்களும் தலைப்பாகைகளும் விளிம்பு கட்டினாற்போலத் தெரிந்தன. ஊர் தெரிந்தது, வானம் செய்திருக்க வேண்டிய வேலையைத் தண்ணீர் செய்துவிட்டது. அதன்பின் வானத்தை விட்டுவிட்டுக் குளத்தையே எடுத்தேன். கார்த்திகையில் ஒரே இரவில் 340 படம் எடுத்த நான், அன்று எடுத்தவை 62.

வடம் இழுத்துக் களைத்து எங்களருகே உட்கார்ந்த பெரியவர் ஒருவர், "பாப்பா, இதுல நான் இருக்கேனா?" என்று கேட்டார். திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். தோளும் துண்டும் மட்டுமே இருந்தன. துண்டை வைத்து அவர் தன்னை அடையாளம் கண்டுகொண்டு, பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அந்தப் படத்தை எட்டுக்குப் பன்னிரண்டு அளவில் அச்சடித்தபோது கறுப்பெல்லாம் பச்சையாகத் திரும்பியிருந்ததால் இரண்டாம் முறை அச்சடிக்க வேண்டியதாயிற்று. சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, மண்டபம் சாய்ந்திருப்பதாகச் சொன்னார். சாய்ந்துதான் இருக்கிறது. சித்திரையில் அழகர் வரும்போது பக்தர்கள் தோல் பையிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் கேமராமேல் படாதிருக்க உறை ஒன்று தைக்க வேண்டும். பழைய மழைக்கோட்டை அம்மா எடுத்து வைத்திருக்கிறார்.