கூண்டுக்குள் குட்டிக்குத் தண்ணீர் வைத்த அனுபவம்

லாப்ரடார் குட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது ஏப்ரல் கடைசியில். சென்னையில் அந்தச் சமயத்தில் நாய்க்குட்டி வாங்குவது புத்திசாலித்தனமா என்று கேட்காதீர்கள். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், நாங்கள் இல்லாத நேரத்தில் குட்டி கம்பிக் கூண்டுக்குள் இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா நடுவில் வந்து கூண்டைத் திறந்துவிடுவார்.

கூண்டுப் பழக்கம் பற்றிப் பார்த்த வீடியோக்கள் பலவும் "உள்ளே தண்ணீர் வைக்காதீர்கள், கொட்டிவிடும், ஒண்ணுக்குப் போய்விடும்" என்றன. குளிர் ஊர்க்காரர்களுக்கு அது சரி. அக்னி நட்சத்திரத்தில் மதியம் கரண்ட் போனால் இங்கே என்ன ஆகும்? நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அந்த மூச்சிலேயே ஈரம் போகிறது. அதனால் தண்ணீர் உள்ளே இருந்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தோம்.

தரையில் கிண்ணம் வைத்தால் லாப்ரடார் முதலில் குடிக்காது, காலை விட்டுத் தோண்டும். பிறகு கவிழ்க்கும். கீழே விரித்த துணி நனைந்து, குட்டி ஈர வயிற்றோடு படுத்துக் கிடக்கும். அடி அகலமான கனத்த கிண்ணம் கவிழவில்லை, ஆனால் தோண்டலை அதுவும் தடுக்கவில்லை.

அப்புறம் முயல் கூண்டில் மாட்டுவார்களே, நுனியில் எஃகு உருண்டை வைத்த பாட்டில், அதைக் கடைக்காரர் கொடுத்தார். நுனியில் கொஞ்சம் தயிர் தடவியதும் குட்டி நக்கிப் பழகிவிட்டது. டிக் டிக்கென்று சத்தம் வந்துகொண்டே இருக்கும், பாட்டிலில் மட்டம் இறங்கவே இறங்காது. ஒரு நக்கலுக்கு வருவது சில சொட்டுதான். போதாததற்கு எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம். வெள்ளையாகப் படிந்து உருண்டை சிக்கிக்கொண்டது. வினிகரில் ஊறவைத்தால் சரியாகிறது. ஆனால் நாம் ஆபீசில் இருக்கும்போது சிக்கினால்? பாட்டிலை நம்பிக் குட்டியை விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் நின்றது ஸ்டீல் கிண்ணம்தான், கதவுக் கம்பியில் திருகாணி போட்டு இறுக்குகிற வகை. வெறுமனே கொக்கியில் மாட்டுவதை வாங்காதீர்கள், மூக்கால் ஒரு தூக்குத் தூக்கினால் வந்துவிடும். குட்டியின் தோள் உயரத்துக்கு இறுக்கினால் கால் போட வசதிப்படாது, தலையைக் கொஞ்சம் தாழ்த்தினால் வாய் எட்டும். பாதிதான் நிரப்புவோம். குட்டி வளர வளர கிண்ணத்தை ஒவ்வொரு கம்பியாக மேலே ஏற்ற வேண்டும்.

எவ்வளவு குடிக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டோம். பொதுவாக ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 50 முதல் 60 மில்லி, குட்டிகளுக்கும் வெயில் காலத்துக்கும் அதைவிடக் கூடுதல் என்றார். உலர்தீனி மட்டும் தின்கிற நாய் நிறையக் குடிக்கும், குழைந்த சாதம் சாப்பிடுவது குறைவாகக் குடிக்கும். ஈறைத் தொட்டால் வழுக்காமல் ஒட்டினாலோ, தோள்பட்டைத் தோலைக் கிள்ளி விட்டதும் உடனே படியாவிட்டாலோ தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

ஒண்ணுக்கு விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீரைக் குறைத்தால் கூண்டு காய்ந்திருக்கும் என்பது பலரும் சொல்லும் யோசனை. எனக்கு அதில் உடன்பாடில்லை. மாதக் கணக்கோடு ஒன்றைக் கூட்டினால் வருகிற மணி நேரம்தான் குட்டி அடக்கும் என்பார்கள், இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். அதுவே மேல் எல்லை. அதற்குள் வெளியே கூட்டிப் போக ஆள் ஏற்பாடு செய்வதுதான் வழி. ராத்திரியில் மட்டும் சாப்பாட்டுக் கிண்ணத்தைச் சீக்கிரமே எடுத்துவிட்டு, தண்ணீரில் இரண்டு மடக்கு மட்டும் விட்டு வைத்தோம்.

காரில் ஊருக்குப் போனபோது அதே கிண்ணத்தில் முதல் நாளே தண்ணீர் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்துவிட்டோம். வண்டி குலுங்கினாலும் சிந்தவில்லை, கரையக் கரைய குட்டி நக்கிக்கொண்டே வந்தது. விழுப்புரம் தாண்டியும் நடுவில் ஐஸ் இருந்தது. விமானத்தில் அனுப்பும் கூண்டுக்கும் கதவைத் திறக்காமல் வெளியிலிருந்தே தண்ணீர் ஊற்றுகிற மாதிரி கிண்ணம் இருக்க வேண்டும் என்பது விதி. வேலை மாற்றலாகி வெளியூர் போகும் எண்ணம் இருப்பவர்கள் குட்டியிலேயே கதவுக் கிண்ணத்தில் பழக்கிவிடுங்கள், பிற்பாடு ஒரு வேலை மிச்சம்.