கல்விச் சீர் வந்த பிறகு

மேளம் முன்னே போகும். பெண்கள் தாம்பாளத் தட்டுகளை ஏந்தி வருவார்கள். பின்னால் குட்டியானை வண்டியில் பீரோ, மின்விசிறி, பிளாஸ்டிக் நாற்காலிகள், குடிநீர் இயந்திரம். தாய்மாமன் சீர் கொண்டுவருவதுபோல ஊர் தன் பள்ளிக்கூடத்துக்குச் சீர் கொண்டுவரும் நாள் அது. கல்விச் சீர் என்கிறோம். பெயர் புதிதாக இருக்கலாம், வழக்கம் பழையது. காமராசர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்தபோது நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் நிலமும் பெஞ்சும் கடிகாரமும் கரும்பலகையும் இப்படித்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அந்த நாளைக் குறைத்துச் சொல்ல மனம் வராது. ஆனால் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறவர்களுக்கு உண்மையான சோதனை அதற்கடுத்த ஜூன் மாதம்தான். ஏப்ரல் கடைசியில் பூட்டிய பள்ளியைத் திறந்தால் குடிநீர் இயந்திரம் நாறும். தண்ணீரைச் சுத்திகரிக்கும் சவ்வு ஆறு வாரம் தண்ணீர் ஓடாமல் கிடந்து கெட்டுப்போயிருக்கும். அதற்கு முன்னுள்ள வடிகட்டி ஆழ்குழாய்த் தண்ணீரின் மண்ணில் ஏற்கெனவே அடைத்திருக்கும். ஸ்மார்ட் வகுப்பறைக்கு வைத்த யுபிஎஸ் மின்கலம், மின்னேற்றம் இல்லாமலே கோடை முழுக்கக் கிடந்ததால் செத்திருக்கும். இரண்டையும் காப்பாற்ற லட்சம் தேவையில்லை. விடுமுறையில் வாரம் ஒருநாள் ஒருவர் வந்து இயந்திரத்தை அரைமணி நேரம் ஓடவிட்டு, மின்கலத்துக்குப் பகல் முழுக்க மின்சாரம் கொடுத்து, மாலையில் அணைத்துவிட்டுப் போனால் போதும். வடிகட்டி மாற்றச் சில நூறு ரூபாய் ஆகும். அந்த ஒருவர் யார் என்பதைச் சீர் கொண்டுவந்த அன்றே பெயர் சொல்லி எழுதிவைக்காததுதான் கோளாறு.

பெற்றோர் ஆசிரியர் கழகம் என்றதும் எல்லாருக்கும் வசூல்தான் நினைவுக்கு வருகிறது. வசூலாகும் பணத்தைவிட, மாதாமாதம் தவறாமல் நடக்க வேண்டிய இருபது சின்ன வேலைகளுக்குப் பொறுப்பான ஆள் இருப்பதுதான் பள்ளிக்குப் பெரிய உதவி. மேல்நிலைத் தொட்டி கழுவுவதையே எடுத்துக்கொள்வோம். ஆயிரம் லிட்டர் தொட்டி என்றால் 4 கிராம் பிளீச்சிங் பவுடர். அதை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரைமணி முதல் ஒருமணி நேரம் விட்ட பிறகே குழாயைத் திறக்க வேண்டும். தூளை அப்படியே அள்ளிக் கொட்டுகிறவர்கள் உண்டு. அன்று பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், மறுநாள் தாய்மார் சண்டைக்கு வருவார்கள். வாய் திறந்து கிடக்கும் பொட்டலத்தில் இருக்கும் தூள் வீரியம் இழந்திருக்கும், அதை எவ்வளவு போட்டாலும் வீண். கைகழுவும் இடத்தில் சோப்பு வைத்தால் இரண்டே நாளில் காணாமல் போகும் அல்லது சாக்கடையில் கிடக்கும். நைலான் வலைப்பையில் போட்டுக் குழாயோடு கட்டித் தொங்கவிட்டால் வாரக்கணக்கில் வரும். இந்த யோசனை எந்தச் சுற்றறிக்கையிலிருந்தும் வந்ததாகத் தெரியவில்லை. ஏதோ ஒரு ஊரில் யாரோ ஒரு தாய் கட்டித் தொங்கவிட்டது பரவியிருக்கும்.

சீர்ப்பட்டியலையும் பள்ளிதான் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். கேட்காமல் விட்டால் சுவர்க்கடிகாரமாக வந்து குவியும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நாற்காலியின் உட்காரும் பலகை 12 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும், ஐந்தாம் வகுப்புக்கு 14 அல்லது 15. கல்யாண மண்டப நாற்காலியில் உட்கார வைத்தால் கால் தரையில் எட்டாமல் ஆடிக்கொண்டே இருக்கும். மேலும், 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் வந்த பிறகு ஒன்று முதல் மூன்று வகுப்புகளில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகக் குழுவாக உட்கார்ந்து அட்டைகளைப் பரப்பிப் படிக்கிறார்கள். அங்கே நீளப் பெஞ்சு இடைஞ்சல். கெட்டியான ஜமக்காளமும், தரையோடு ஒட்டிய குட்டை மேசையும், பாடப்பொருள் வைக்கத் தாழ்வான அலமாரியும்தான் தேவை. மின்விசிறி தருகிறவரிடம் மின்கம்பிக்கும் சேர்த்துக் கேட்டுவிடுவது நல்லது. பழைய ஓட்டுக் கட்டடத்தின் மெல்லிய கம்பியில் ஆறு விசிறியும் தொலைக்காட்சியும் குடிநீர் இயந்திரமும் ஒன்றாக ஓடினால் கம்பி சூடாகி அதன் உறை உருகலாம். வந்த பொருள் எதுவானாலும் அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறாத பொருள் அடுத்த தலைமையாசிரியர் வரும்போது யாருடையதும் இல்லாமல் போகும். விசிறி இறக்கையில் உபயதாரர் பெயர் எழுதுவதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. சுற்றும்போது படிக்க முடியாது, ஆகையால் தொந்தரவும் இல்லை.

ஊரில் பலருக்கு ஒரு குழப்பம் தீருவதில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, பள்ளி மேலாண்மைக் குழு வேறு. கழகம் பெற்றோரும் ஆசிரியரும் விரும்பிச் சேர்ந்து நடத்தும் அமைப்பு. மேலாண்மைக் குழு 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்லும் கட்டாயக் குழு. உறுப்பினர்களில் முக்கால்வாசி பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் அரசு மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் இந்தக் குழுவின் வேலை. தமிழ்நாட்டில் 2022-இல் இருபது பேர் கொண்டதாகவும், 2024-இல் இருபத்துநான்கு பேர் கொண்டதாகவும் இது மறுகட்டமைப்பு ஆனது. சிற்றூர்த் தொடக்கப் பள்ளியில் இரண்டு அமைப்பிலும் அதே நான்கு முகங்கள் இருப்பது இயல்பு. ஆனால் கணக்கும் தீர்மான நோட்டும் தனித்தனியாக இருந்தே ஆக வேண்டும். தணிக்கையில் மாட்டிக்கொள்கிற பள்ளிகளில் பல, திருடியதால் அல்ல, இரண்டையும் ஒரே நோட்டில் எழுதியதால் மாட்டுகின்றன.

மானியம் மாணவர் எண்ணிக்கைப்படி வருகிறது. 30 பேர் வரை இருந்தால் ஆண்டுக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000. இதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். அறுபது பிள்ளைகள் உள்ள பள்ளியில் அந்தப் பங்கு 2,500 ரூபாய். பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 250 ரூபாய்க்கு பினாயில், துடைப்பம், பிளீச்சிங், சோப்பு. அதற்குமேல் ஆகும் செலவைத்தான் கழகம் தாங்குகிறது. முன்புபோல மானியம் பள்ளியின் வங்கிக் கணக்கில் வந்து கிடப்பதும் இல்லை. செலவு வரம்பு மட்டும் காட்டப்படும். கடைக்காரரின் கணக்கு விவரத்தைப் பதிந்து, படிவம் எடுத்து, தலைமையாசிரியரும் குழுத்தலைவரும் கையெழுத்திட்டு வங்கியில் கொடுத்தால் பணம் நேராகக் கடைக்காரருக்குப் போகும். மார்ச் 31-க்குள் எடுக்காத வரம்பு காலாவதி. ஒழுங்கான முறைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஓடு மாற்ற வந்த கொத்தனாருக்கு மாலையில் கூலி கொடுக்க அதில் வழி கிடையாது. அந்த ஐந்நூறு, ஆயிரம் எல்லாம் கழகத்தின் கையிருப்பிலிருந்துதான் போக வேண்டும். 2024-25-இல், இந்த மானியம் வருகிற சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக்கல்வித் திட்டத்துக்கான ஒன்றிய அரசின் பங்கு நிறுத்தி வைக்கப்பட்டதைப் பார்த்த பிறகு, ஒரு பருவத்துக்கான சில்லறைச் செலவைக் கையில் வைத்திருப்பது எவ்வளவு அவசியம் என்று விளங்கும்.

வசூலுக்கு ஒரு கோடு உண்டு. சேர்க்கையின்போது கேட்பதும், சான்றிதழ் தரும்போது கேட்பதும் கட்டாயமாகிவிடும். சட்டமும் அதை ஏற்காது, நியாயமும் இல்லை. எண்ணிட்ட ரசீது இல்லாமல் பத்து ரூபாய்கூட வாங்கக் கூடாது. மாதக் கடைசியில் வரவு செலவை வாசலில் உள்ள பலகையில் எழுதிவிட்டால் டீக்கடைப் பேச்சு பாதி அடங்கும்.

பணத்தைவிடப் பெரிய செல்வம் சேர்க்கைப் படிவத்தில் இருக்கிறது. தந்தை தொழில், தாய் தொழில் என்ற இரண்டு கட்டங்களைப் படித்து ஒரு பட்டியல் போட்டால் மின்பணியாளர், கொத்தனார், வெல்டிங், தையல், ஆட்டோ என்று பள்ளிக்கு வேண்டிய எல்லாரும் அதிலேயே இருப்பார்கள். நான்கு குழாய், ஒரு பெட்டி வாஷர், ஒரு சுருள் டெஃப்லான் நாடா ஆகியவற்றைப் பள்ளியிலேயே வாங்கி வைத்துவிட்டால், கழிப்பறையில் ஒழுகும் குழாயைப் பிள்ளையை விடவரும் தந்தை பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவார். ஆனால் அரைநாள் வேலை என்றால் கூலியைக் கொடுத்துவிட வேண்டும். தினக்கூலிக்குப் போகிறவரின் அரைநாளை இலவசமாகக் கேட்டு, வசதியானவரின் பீரோவுக்கு மட்டும் சால்வை போர்த்துவது அழகல்ல.

கோரிக்கை எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று தெரியாமல் வீணாகும் மாதங்கள் ஏராளம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியரும் பாடமும் வட்டாரக் கல்வி அலுவலர் பொறுப்பு. கட்டடமும் சுற்றுச்சுவரும் ஊராட்சி ஒன்றியத்துடையவை, அதற்கு வட்டார வளர்ச்சி அலுவலரைப் பார்க்க வேண்டும். “பள்ளிக்குச் சுற்றுச்சுவர் வேண்டும்” என்ற ஒற்றை வரித் தீர்மானம் எங்கும் நகராது. எந்தப் பக்கம், எத்தனை மீட்டர், புல எண் என்ன, அளந்து கல் நட்டாயிற்றா, பக்கத்து நிலத்துக்காரரோடு தகராறு உண்டா என்பதோடு புகைப்படமும் சேர்த்தால் மதிப்பீடு போட வருகிறவருக்கு வேலை எளிது. அதையே கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்கினால் எடை கூடும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு நாள் இருக்கிறது. ஐந்து தாய்மார் எழுந்து நின்று படித்தால் ஊராட்சிச் செயலர் எழுதாமல் இருக்க முடியாது. இடிந்து விழக்கூடிய சுவர் விஷயத்தில் மட்டும் அடுத்த கிராம சபைக்குக் காத்திருக்கவே கூடாது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று பிள்ளைகள் இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. விரிசல் கண்ட அன்றே கயிறு கட்டி அந்தப் பக்கத்தை அடைத்துவிட்டு, எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைக்க வேண்டும்.

கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு என்று அழைத்தால் நடவு நேரத்தில் வருகிறவர் நான்கு பேர். “சார், நடவு நடக்குது, அடுத்த மாசம் வந்துர்றோம்” என்பது சாக்கு அல்ல, ஒருநாள் கூலிக் கணக்கு. பள்ளி விட்டு, பிள்ளையைக் கூட்டிப்போக வரும் நேரத்தில் வைத்து, அரைமணிக்குள் முடித்தால் கூட்டம் நிறையும். இன்னொன்று: தலைவர் பெண்தான், நாற்காலியில் உட்கார்வது அவர் கணவர். “நான் சொல்லிர்றேன் சார், அது கையெழுத்துப் போட்டுரும்” என்பார். அங்கே தலைமையாசிரியர் கொஞ்சம் விடாப்பிடியாக இருக்க வேண்டும். வரவு செலவை அந்த அம்மாவே வாசிக்கும்படி செய்தால், மூன்றாவது மாதம் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார். குழுவில் ஊர்த்தெருவும் காலனித்தெருவும் இரண்டும் இருக்கிறதா என்று பார்க்காத பள்ளியில் வேறு எதைச் சரிசெய்தும் பயனில்லை. ஒரு தெரு மெல்ல வேன் வைத்துப் பிள்ளைகளை டவுனுக்கு அனுப்பத் தொடங்கும்.

அது நடந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், அறுபத்தொன்றாவது பிள்ளை வந்தால் மூன்றாவது ஆசிரியருக்கு வழி. எண்ணுவது ஆகஸ்ட் 1 நிலவரப்படி. இரண்டு ஆசிரியர் உள்ள பள்ளியில் ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் வேலைக்கோ போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்துச் சமாளிக்க வேண்டும். ஆகவே கழகம் ஆண்டில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால், மார்ச் முதல் ஜூலை வரை வீடு வீடாகப் போய்ச் சேர்க்கையைப் பார்ப்பதே அது. தூரத்துக் குடியிருப்பின் ஏழு பிள்ளைகளுக்கு ஆட்டோ ஏற்பாடு செய்வது, பிறப்புச் சான்று இல்லாத வீட்டுக்கு வாங்க உதவுவது, 2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு உண்டு என்பதை விடிகாலையில் வேலைக்குப் போகும் தாயிடம் போய்ச் சொல்வது. கழகம் தானே சம்பளம் கொடுத்து ஆசிரியர் வைப்பது கடைசி வழி. சம்பளம் மூன்றாவது மாதமே தள்ளிப்போகும். வருகிற பெண்ணும் வேறு வேலை கிடைத்ததும் பாதியில் போய்விடுவார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் நடுவே, சுறுசுறுப்பான தலைவரின் பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்துப் போய்விடும். பிள்ளையோடு தாயும் போய்விடுவார். தொட்டி எப்போது கழுவியது, வடிகட்டி எங்கே வாங்கியது, மோட்டார் கட்டுகிறவர் எண் என்ன, எந்த மனு எந்த மேசையில் கிடக்கிறது என்பதெல்லாம் அவர் தலையில் இருந்ததுதான். ஆகையால் துணைத்தலைவராக ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் தாயைப் போட்டு, மார்ச் மாதமே ஒரு நாற்பது பக்க நோட்டில் இவை எல்லாவற்றையும் எழுத வைத்து, தொட்டியின் மூடிச் சாவியோடு சேர்த்து அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். நோட்டின் முதல் பக்கத்தில் மே மாதத்துச் சனிக்கிழமைகளும், ஒவ்வொன்றுக்கும் நேரே இயந்திரத்தை ஓடவிட வருகிறவர் பெயரும் இருக்கட்டும்.