வீடு வீடாக அழகுசாதன விற்பனை: ஒரு திருச்சி நாட்குறிப்பு, ஆடி முதல் புரட்டாசி வரை

ஜூலை 21, 2025, திங்கள்

ஆடி பிறந்துவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று இத்தொழிலில் இருப்பவர்கள் சொல்வது வழக்கம். முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால் கல்யாண வீட்டு ஆர்டர்கள் வருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் கடைகள் ஆடித் தள்ளுபடி அறிவிக்கிறார்களே என்று நாமும் விலையைக் குறைத்துக்கொண்டு போட்டிக்கு நிற்பதில் எனக்கு உடன்பாடில்லை. சின்னக்கடைவீதிக்குப் போகிறவர் விலைக்காகப் போகிறார். நம்மிடம் வாங்குகிறவர், தன் நிறத்துக்கு எது பொருந்தும் என்பதை அவசரமின்றிப் போட்டுப் பார்க்கலாம் என்பதற்காகவும், ஒத்துக்கொள்ளவில்லையென்றால் நாளைக்கும் இவள் இதே தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும் என்ற தைரியத்திலும் வாங்குகிறார். அந்தத் தைரியத்தைத்தான் நாம் விற்கிறோம்.

எனவே ஆடியில் நான் செய்வது நோட்டு வேலை. உறையூரில் ஒன்றையொன்று ஒட்டிய சில தெருக்களை மட்டும் எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு ஒரு பக்கமாக ஒதுக்கி எழுதுகிறேன். சருமம் எண்ணெய்ப் பசை உடையதா, வறண்டதா. முன்பு ஏதேனும் ஒவ்வாமை வந்ததுண்டா. எந்த ஷேடு, எந்த அளவு. எந்த நாளில் வாங்கினார் என்பவற்றோடு, "தீரும் நாள்" என்று ஒரு பத்தியும் வைத்திருக்கிறேன். ஒரு ஃபேஸ்வாஷ் குழாயை ஒருவர் மட்டும் பயன்படுத்தினால் எத்தனை நாள் வரும், கல்லூரிக்குப் போகும் இரண்டு பெண்கள் உள்ள வீட்டில் எத்தனை நாள் வரும் என்பது இரண்டு முறை வாங்கிய தேதிகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தீர்வதற்கு நாலைந்து நாள் முன்னதாகப் போய் நின்றால் விற்பனைப் பேச்சே தேவைப்படாது. தீர்ந்து ஒரு வாரம் ஆனபின் போனால், அவர் மளிகைக் கடையில் வேறொன்றை வாங்கியிருப்பார். அது தீரும்வரை நமக்கு அந்த வீட்டில் வேலையில்லை.

ஜூலை 25, வெள்ளி

இன்று ஆடி வெள்ளி, பையை எடுக்கவில்லை. செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் கையிலிருந்து பணம் கொடுக்க விரும்பாத வீடுகள் ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்காவலிலும் இன்னும் நிறைய உண்டு. விளக்கு வைத்த பிறகு எந்த நாளிலும் பணம் கேட்கலாகாது. இதெல்லாம் மூடநம்பிக்கை என்று வாதிடுவது நம் வேலையன்று. வெள்ளிக்கிழமையில் பொருளைக் காட்டலாம், ஆர்டர் எழுதலாம், பணத்தைச் சனிக்கிழமை வாங்கிக்கொள்ளலாம். ஜி-பே வந்த பிறகு இந்தக் கட்டுப்பாடு தளர்ந்திருக்கிறது என்றாலும், மாமிகளிடம் நானாக அதைச் சொல்லிக் கேட்பதில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, சமையல் முடிந்து மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பதினொன்று முதல் பன்னிரண்டரை வரையிலான பொழுதும், பள்ளிப் பிள்ளைகள் திரும்புவதற்கு முந்தைய மூன்று மணிப் பொழுதும்தான் பயன்படுகின்றன. ஆண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் நான் நுழைவதில்லை; திண்ணையோடு பேசி, இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். புதிதாகத் தொழிலுக்கு வரும் பெண்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தத் தெருவில் இருக்கிறோம் என்பது நம் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தில்லைநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி உள்ளே விட மறுத்தார். அவர் செய்தது சரிதான். 2021 டிசம்பரில் வெளியான நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகளின்படி, அடையாள அட்டையும் முன்அனுமதியும் இல்லாமல் நேரடி விற்பனையாளர் ஒருவர் வாடிக்கையாளரின் வீட்டுக்குச் செல்லக் கூடாது. பேச்சைத் தொடங்கும்போதே தன் பெயர், தான் சார்ந்த நிறுவனம், விற்க வந்த பொருள், வந்த நோக்கம் ஆகியவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. "சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்" என்று தொடங்கி, அரை மணி நேரம் கழித்துப் பையைத் திறக்கும் பழைய உத்தி சட்டப்படியும் தவறு; அதைவிட, அடுத்த முறை அந்தக் கதவு திறக்காது.

நான் இப்போது முதல் நாளே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பிவிடுகிறேன். "அக்கா, நாளை மூன்று மணிக்கு உங்கள் பிளாக்குக்கு வருகிறேன், உங்களுக்கு வசதிப்படுமா?" என்று கேட்டு, அவர் சரி என்று பதில் அனுப்பினால் அதுவே அனுமதி, வாயிற்காவலரிடம் காட்டவும் உதவுகிறது. ஒரு குடியிருப்பில் ஒரே ஒரு வாடிக்கையாளர் இருந்தால் போதும், அவர் வீட்டில் நாலைந்து பேரைக் கூட்டிவைக்கச் சொல்லிக் கேட்கலாம். அவருக்கு அதற்காக ஒரு பொருளை அன்பளிப்பாகக் கொடுப்பது கதவு கதவாகத் தட்டும் நேரத்தையும் காவலாளியின் முகச்சுளிப்பையும் விடக் குறைந்த செலவு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆடிக் காற்று அடித்தாலும் திருச்சி வெயில் இறங்கவில்லை. ஸ்கூட்டி டிக்கியில் லிப்ஸ்டிக்கை வைத்துக்கொண்டு சுற்றினால் அது இளகி, மேலே எண்ணெய்த் துளிகள் பூத்துவிடும். கிரீம்களில் நீரும் எண்ணெயும் பிரிந்து நிற்கும். அப்படி ஒன்றைத் திறந்து காட்டிய பிறகு, பொருள் நல்லது என்று எவ்வளவு சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் காலடியில் வைத்துக்கொள்வதே போதுமான ஏற்பாடு.

போட்டுப் பார்ப்பதற்கென்றே வைத்திருக்கும் டெஸ்டரைக் கையாளும் முறையைப் பற்றி நான் சற்றுக் கறாராகவே இருக்கிறேன். லிப்ஸ்டிக்கை யாருடைய உதட்டிலும் நேராக வைக்க விடுவதில்லை. முனையை டிஷ்யூவால் துடைத்துவிட்டு, புது இயர்பட்டில் சிறிது எடுத்துக் கொடுக்கிறேன். ஒருமுறை உதட்டில் பட்ட இயர்பட் மீண்டும் டெஸ்டரைத் தொடக் கூடாது. கிரீம் டப்பாவில் விரலை விடக் கூடாது, சிறு கரண்டியால் எடுக்க வேண்டும். கண் மை டெஸ்டரைக் கண்ணருகே கொண்டுபோகவே கூடாது, புறங்கையில் கோடு போட்டுக் காட்டினால் போதும். மெட்ராஸ் ஐ பரவும் பருவத்தில் ஒரு தெரு முழுக்க ஒரே மைப்பென்சிலோடு போனால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. காம்பாக்ட் பவுடரின் ஷேடையும் பலர் புறங்கையில் பார்க்கிறார்கள். கையின் நிறமும் முகத்தின் நிறமும் வேறு. தாடையோரத்தில் தடவி, டியூப்லைட்டின் கீழே நில்லாமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பார்க்கச் சொல்ல வேண்டும். சற்று வெளுப்பான ஷேடைத்தான் எல்லோரும் முதலில் எடுப்பார்கள், வெளிச்சத்தில் பார்த்ததும் தாமாகவே மாற்றிக்கொள்வார்கள்.

மாதிரிப் பாக்கெட்டுகளைக் கண்டவருக்கெல்லாம் கொடுப்பது வீண் என்று தோழி ஒருத்தி வாதிட்டாள். இத்தொழிலே மாதிரியில்தான் பிறந்தது என்றேன். நியூயார்க்கில் புத்தகங்களை வீடு வீடாக விற்றுவந்த டேவிட் மெக்கானல், வாங்குவோரை ஈர்க்க வாசனைத் திரவிய மாதிரிகளைக் கொடுத்ததாகவும், புத்தகத்தை விட்டுவிட்டு வாசனையையே எல்லோரும் விரும்பியதாகவும் சொல்வார்கள். அவர் 1886-இல் தொடங்கிய கலிஃபோர்னியா பெர்ஃப்யூம் கம்பெனிதான் பின்னாளில் ஏவான் என்ற அழகுசாதன நிறுவனம் ஆனது. ஆயினும் தோழி சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. கொடுத்த மாதிரியை நோட்டில் எழுதி, ஒரு வாரத்துக்குள் எப்படி இருந்தது என்று கேட்காவிட்டால் அது தானம்தான்.

ஆகஸ்ட் 20, புதன்

ஆவணி பிறந்து மூன்றே நாளில் இரண்டு கல்யாண வீடுகள். மணப்பெண்ணுக்கான பொருள்களைக் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பாவது கொடுத்துவிட வேண்டும் என்பது என் விதி. புதுப் பொருள் எதுவும் முதன்முதலாக முகூர்த்தத்தன்று முகத்தில் ஏறக் கூடாது. காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ சிறிது தடவி இரண்டு நாள் பார்க்கச் சொல்கிறேன். தலைச்சாயத்துக்கு இந்தப் பரிசோதனை கட்டாயம். சருமத்தில் எரிச்சல் உண்டாகக்கூடும், முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும், புருவத்துக்கும் இமைமுடிக்கும் இடக் கூடாது, இட்டால் பார்வை போகலாம் என்ற எச்சரிக்கை அட்டையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அந்த எழுத்து மிகப் பொடியாக இருப்பதால் நான் வாய்விட்டுப் படித்துக் காட்டிவிடுகிறேன்.

இன்றைய வீட்டில் கறுப்பு மருதாணி கேட்டார்கள். மருதாணி இலை ஒருநாளும் கறுப்பாகச் சிவக்காது. அந்தக் கறுப்பு பெரும்பாலும் தலைச்சாயத்தில் இருக்கும் பாரா ஃபீனைலின் டையமினால் வருவது. அதனால் கை கொப்பளித்துப் போனவர்கள் உண்டு. நான் விற்பதில்லை என்று சொன்னதற்குப் பெண்ணின் அத்தை முகம் சுளித்தார். பெண்ணின் அம்மா மற்ற ஆர்டரை மாற்றாமல் அப்படியே கொடுத்தார்.

ஆகஸ்ட் 30, சனி

வசூல் நாள். பொன்மலை ரயில்வே குடியிருப்பில் மாதத்தின் கடைசி வேலை நாளிலேயே சம்பளம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பணம் கரைவதற்கு முன் போய்விட வேண்டும். கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்குச் சம்பளம் ஐந்து தேதிக்கு மேல். வாரக் கூலி வாங்கும் வீடுகளுக்குச் சனி மாலை. எந்த வீட்டுக்கு எந்த நாளில் பணம் வரும் என்பதை அறியாமல் தவணை கொடுப்பவர்கள்தான், வாடிக்கையாளர் ஏமாற்றிவிட்டார் என்று பிறகு புலம்புகிறார்கள்.

கடனே கொடுக்காமல் இத்தொழிலை நடத்த முடியாது. ஆனால் கணக்கு என்ன என்பது மனத்தில் இருக்க வேண்டும். எனக்கு ரூபாய்க்கு இருபது பைசா லாபம் என்று வைத்துக்கொண்டால், வராமல் போகும் 500 ரூபாய்க் கடனை ஈடுகட்ட நான் 2,500 ரூபாய்க்குப் புதிதாக விற்றாக வேண்டும். பெட்ரோலும் மாதிரியும் சேர்த்தால் இன்னும் கூடும். ஆகவே ஒரு வீட்டுக்கு ஒரு கடன்தான்; பழையது தீராமல் புதியது இல்லை. எழுதும் தொகையை அவருடைய நோட்டிலும் என் நோட்டிலும் எழுதி, அவர் கையெழுத்தையோ வாட்ஸ்அப்பில் ஒரு "சரி"யையோ வாங்கிக்கொள்கிறேன். பக்கத்து வீட்டார் இருக்கும்போது பாக்கியைக் கேட்பதே இல்லை. மாமியார் எதிரிலும் அப்படித்தான்.

செப்டம்பர் 4, வியாழன்

கொலு ஆர்டர்களை இந்த வாரத்துக்குள் எழுதி முடிக்க வேண்டும். திங்கட்கிழமை மகாளய பட்சம் தொடங்கிவிடும். அந்தப் பதினைந்து நாளில் சிலர் மங்கலப் பொருள் வாங்கத் தயங்குவார்கள். கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக்கொடுக்கும் சிறு பொருள்களைக் கண்ணாடி, சீப்பு, குங்குமச் சிமிழ், கண் மை, வளையல் என்று பையாகக் கட்டி 30, 50, 80 ரூபாய் என மூன்று விலைகளில் காட்டுகிறேன். பாதிப் பணம் முன்பணம், இதில் தயவு கிடையாது. கட்டிய பையைக் கொலு முடிந்தபின் யாரும் வாங்க மாட்டார்கள். ஒட்டுப் பொட்டை மட்டும் நான் யோசித்துத்தான் சேர்க்கிறேன். மலிவான பொட்டுகளின் பசையில் இருக்கக்கூடிய பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற வேதிப்பொருள் சிலருக்கு நெற்றியில் வெண்தழும்பை உண்டாக்கிவிடுகிறது.

செப்டம்பர் 10, புதன்

வாரம் தவறாமல் வரும் கேள்வி இன்றும் வந்தது: "ஒரே வாரத்தில் வெள்ளையாக்கும் கிரீம் இருக்கிறதாமே, உன்னிடம் இல்லையா?" அப்படிப்பட்ட டப்பாக்களை நான் தொடுவதில்லை. அவற்றுள் பலவற்றில் பாதரசமோ ஸ்டீராய்டோ கலந்திருக்கிறது. ஸ்டீராய்டு களிம்பு மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. பாதரசம் சருமத்தின் வழியே உள்ளே சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும்; 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இத்தகைய கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்ததை மருத்துவர்கள் கண்டறிந்து சொன்னார்கள். இதை வாடிக்கையாளரைப் பயமுறுத்தும் தொனியில் சொல்லாமல், டப்பாவைக் கையில் வாங்கிச் சேர்ந்து படிப்பதே நல்ல வழி. உற்பத்தியாளரின் பெயரும் முகவரியும், உரிம எண், தொகுதி (பேட்ச்) எண், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற குறிப்பு, உட்பொருள்களின் பட்டியல் ஆகியவை இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருளாயின் இறக்குமதியாளரின் முகவரியும் பதிவு எண்ணும் வேண்டும். இன்று கேள்வி கேட்டவர் அலமாரியிலிருந்து எடுத்துவந்த டப்பாவில் வேற்று மொழி எழுத்தும் ஒரு பெண்ணின் படமும் தவிர வேறெதுவும் இல்லை. நான் சொல்லாமலே அவர் அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, வெயிலுக்குப் போடும் சன்ஸ்கிரீன் ஒன்று வாங்கிக்கொண்டார்.

செப்டம்பர் 22, திங்கள்

இன்றிலிருந்து ஜிஎஸ்டி மாற்றம். தலை எண்ணெய், ஷாம்பு, குளியல் சோப்பு, டால்கம் பவுடர், முகப்பவுடர் ஆகியவற்றுக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. லிப்ஸ்டிக், கிரீம், நகப்பூச்சு, பெர்ஃப்யூம் பழையபடி 18 சதவீதத்திலேயே நிற்கின்றன. 118 ரூபாய்க்கு விற்ற பவுடர் 105 ரூபாய்க்கு வர வேண்டும். தொலைக்காட்சியில் செய்தி பார்த்தவர்கள் லிப்ஸ்டிக்கும் விலை இறங்கியதாக நினைப்பார்கள் என்பதால், எது இறங்கியது எது இறங்கவில்லை என்று இரண்டு பத்தியாக எழுதிய தாள் ஒன்றைப் பையில் வைத்திருக்கிறேன். கையிருப்பில் உள்ள பழைய பவுடருக்கும் புதுவிலையே சொல்கிறேன். விநியோகஸ்தரிடம் அந்த வித்தியாசத்தைக் கேட்டு வாங்க, எந்தத் தொகுதி எத்தனை எண்ணம் என்று பட்டியல் கொடுத்தாயிற்று.

அக்டோபர் 12, ஞாயிறு

தீபாவளிக்கு எட்டு நாள். இனிப் புதுச் சரக்கு எடுப்பதில்லை. தீபாவளி கழிந்து தேங்கும் பரிசுப் பெட்டியைப் பொங்கல் வரை அடைகாக்க வேண்டியிருக்கும். நிறுவனத்தில் திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடு என்றைக்கு என்பதை வாங்கும் நாளிலேயே பெட்டி மேல் எழுதி ஒட்டிவிடுகிறேன்.

மாலையில் ஒரு பெண் வந்து, பொருள் விற்க வேண்டாமாம், ஆள் சேர்த்தால் போதுமாம், சேர்க்கும் ஒவ்வொரு தலைக்கும் பணம் தருகிறார்களாம், சேரலாமா என்று கேட்டாள். ஆள் சேர்ப்பதற்குப் பணம் தரும் திட்டத்தை நான் முன்பு சொன்ன அதே நேரடி விற்பனை விதிகள் தடை செய்கின்றன என்பதைச் சொன்னேன். நுழைவுக் கட்டணமாக 5,000 ரூபாய் கட்டச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பணத்தில் வேகமாகத் தீரும் நாலு வகைப் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு அவள் குடியிருக்கும் தெருவிலேயே தொடங்கச் சொல்லி, நோட்டில் பத்தி பிரிப்பது எப்படி என்று காட்டி அனுப்பினேன். புதன்கிழமை என்னோடு திருவானைக்காவலுக்கு வருகிறாள்.