கை நீட்டினால் டாட்டாவா?

இன்று காலை அப்பா சைக்கிளை உள்ளே ஏற்றிவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா தண்ணீரை நீட்டியதும் வந்த முதல் வார்த்தை: "ஒருத்தனுக்கும் கை சிக்னல் தெரியலை!"

நடந்தது இவ்வளவுதான். நாற்சந்தியில் வலது பக்கம் திரும்ப வேண்டும். திரும்பும் இடத்துக்கு நன்றாக முன்பே கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்து, வலது கையைத் தோள் உயரத்துக்கு நீட்டி, உள்ளங்கையை முன்பக்கம் காட்டியிருக்கிறார். எல்லாம் விதிப்படி. எதிரே ஸ்கூட்டரில் வந்தவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துப் பதிலுக்கு டாட்டா காட்டினாராம். பின்னால் பைக்கில் வந்தவரோ வண்டியை ஓரங்கட்டி, "எங்கே சார் போகணும்?" என்று விசாரித்திருக்கிறார். சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறவர் லிஃப்ட் கேட்பார் என்று நம்பும் நல்ல உள்ளங்களும் உலகத்தில் இருக்கத்தான் செய்கின்றன. சரி, வேகத்தைக் குறைக்கிறேன் என்று காட்டலாமென, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்துக் கையை மேலும் கீழும் அசைத்தாராம். போகச் சொல்கிறார் என்று நினைத்த ஓர் ஆட்டோ, நன்றியாக ஒரு ஹாரன் அடித்துவிட்டு உரசிக்கொண்டு போயிருக்கிறது.

அப்பாவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்ய வராது. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, சக்கரக் கம்பிகளில் ரிஃப்ளெக்டர். "ரிஃப்ளெக்டர் அடுத்தவன் வெளிச்சத்துலதான் மின்னும். அதை மட்டும் நம்பக் கூடாது" என்று ரிஃப்ளெக்டருக்கே கேட்கிற மாதிரி சொல்வார்.

இவருக்கு நேர் எதிர், எதிர்வீட்டு மாமா. எப்போதும் சாலையின் தப்புப் பக்கம்தான். கேட்டால், "எதிர்ல வர்றவன் என் கண்ணுக்குத் தெரியணும்ல?" என்பார். அப்பா அவரை வாசலிலேயே நிறுத்திக் கணக்கு போட்டுக் காட்டினார். மாமா மணிக்கு 15 கிலோமீட்டர், கார் 40. பின்னால் வரும் கார் இவரை நெருங்கும் வேகம் 25தான். எதிரெதிரே போனால் இரண்டையும் கூட்டி 55. அப்புறம், சந்தில் இருந்து பிரதான சாலைக்கு ஏறுகிறவன் வண்டிகள் வரும் பக்கத்தைத்தான் பார்ப்பான், தப்புப் பக்கம் வரும் மாமாவை எதற்குப் பார்க்கிறான்? மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆட்டிவிட்டு அதே தப்புப் பக்கம் ஏறி மிதித்தார்.

இதில் அதிகம் அவதிப்படுவது நாங்கள்தான். காரில் போனால், கதவுக்குத் தள்ளி இருக்கும் கையால்தான் கதவைத் திறக்க வேண்டும். டச்சுக்காரர்கள் பழக்கமாம். அந்தக் கையை நீட்டினால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். பார்க்காமல் திறந்த கதவு சைக்கிள்காரனைச் சாய்த்துவிடும் என்பதால் யோசனை நல்ல யோசனைதான். ஆனால் மறந்து பக்கத்துக் கையை வைத்தால் மணிக்கட்டில் ஓர் அடி விழும்.

போன வாரம் பின் சீட்டில் இடது பக்கம் அம்மா. வலது கையால் திறக்க வேண்டும். அந்தக் கையில்தான் பை.

"அப்ப பையை என்ன பண்றது?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "குடு, நான் எடுத்துட்டு வரேன்."

கல்யாணமான நாளிலிருந்து அம்மா கேட்டிராத வாக்கியம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாலை விதிகளை அப்பாவைவிடக் கறாராகக் கடைப்பிடிப்பது அம்மாதான். காரில் ஏறும்போதே இரண்டு கைக்கும் பை எடுத்துக்கொள்கிறாள்.