கூடப் படிப்பவன் திடீரென அமைதியானால்: ஒரு நீட் ரிப்பீட்டரின் அனுபவம்

பிளஸ் டூ முடித்து ஒரு வருஷம் நீட் ரிப்பீட்டராக ஹாஸ்டலில் இருந்தேன். எப்படிப் படிப்பது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் உடைந்துபோனால் என்ன செய்வது என்பதைத்தான் எழுதுகிறேன்.

மாக் டெஸ்ட் முடிந்த மறுநாளே ரேங்க் லிஸ்ட் நோட்டீஸ் போர்டில் ஏறும். அதே மார்க் அப்பாவின் வாட்ஸ்அப்புக்கும் போய்விடும். பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017லேயே நிறுத்திவிட்டது. கோச்சிங் சென்டர்களுக்கு அது இன்னும் எட்டவில்லை.

என் ரூம்மேட் அழவில்லை. அழுதிருந்தால் எல்லோருமே கவனித்திருப்போம். மெஸ்ஸுக்கு வருவதைக் குறைத்தான், விடிய விடிய விழித்திருந்தான், நெகட்டிவ் மார்க் பற்றிப் புலம்புவதையும் விட்டுவிட்டான். ஒருநாள் ஃபிசிக்ஸ் நோட்டையெல்லாம் என்னிடம் தள்ளி, "நீயே வச்சுக்கோடா, எனக்கு எதுக்கு" என்றான், சிரித்துக்கொண்டே.

"மச்சி, செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டேன். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடுமோ என்று பலரும் பயப்படுகிறார்கள். வராது, மனநல மருத்துவர்கள் சொல்வதும் இதுதான். ரொம்ப நேரம் கழித்து "அடிக்கடி" என்றான். அந்த நேரத்தில் "அப்பா அம்மாவை நெனச்சுப் பாரு" மட்டும் வேண்டாம். ராத்திரி பூரா அவன் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான். அவனைப் பேச விடுங்கள்.

யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் கேட்டான். நான் செய்து கொடுக்கவில்லை. வார்டனிடம் சொல்லி, அவர் போனிலிருந்தே அவன் அக்காவைக் கூப்பிட்டோம். அவர் வரும்வரை யாராவது ஒருவர் கூடவே இருந்தோம். அக்கா அவனை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனார். என்மேல் கோபம் கொஞ்ச நாள் இருந்தது, இருக்கட்டும்.

உடனே பேச ஆள் வேண்டுமென்றால் 14416. டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 2022ல் மத்திய அரசு தொடங்கியது. இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104ம் இருக்கிறது. சென்னையில் ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு 1986 முதல் இதே வேலையைச் செய்கிறது. இந்த எண்களை ரூம் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள். பாதி ஹாஸ்டலில் போன் கையில் இருக்காது, வார்டனுக்கும் தெரிந்திருக்கட்டும்.

ரிசல்ட் அன்று யாரையும் தனியாக உட்கார்ந்து பார்க்க விடாதீர்கள். பிளஸ் டூவில் ஃபெயில் என்றால் அன்றைக்கே துணைத் தேர்வு பற்றிப் பேசிவிடுங்கள்: சில வாரங்களிலேயே எழுதலாம், பாஸானால் அதே வருஷம் காலேஜில் சேர வழியிருக்கிறது.