பிக்கப் வண்டிக்கு எவ்வளவு காற்று? எடைமேடையில் தொடங்க வேண்டிய கணக்கு

நீலகிரியிலிருந்து கேரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிகளுக்கு இறங்கி வரும் பிக்கப் வண்டிகள் பஞ்சர் கடையில் நிற்கும்போது, "எவ்வளவு வைக்கட்டுங்ண்ணா?" என்ற ஒரே கேள்விதான் எழுகிறது. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே அளவு, அதுவும் பல ஆண்டுகளாக வாய்வழியாக வந்த ஓர் அளவு என்பதே பெரும்பாலும் அதற்குக் கிடைக்கும் விடை. எங்கள் குடும்பத்தின் இரண்டு பிக்கப்களும் இதே பாதையில் ஓடுகின்றன. அவற்றின் டயர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. அந்தக் கேள்விக்கு ஒற்றை எண்ணில் விடை கிடையாது, முன் அச்சிலும் பின் அச்சிலும் எவ்வளவு எடை இறங்குகிறது என்பதிலிருந்துதான் விடையைத் தேட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சுமையைத் தாங்குவதில் டயரின் ரப்பருக்கும் நூலிழைக்கும் உள்ள பங்கு சொற்பமே. உள்ளே அடைபட்ட காற்றுதான் வண்டியைத் தூக்கி நிறுத்துகிறது. இதைப் புரிந்துகொள்ள ஒரே அளவு டயரின் இரண்டு எண்களைப் பார்த்தால் போதும். அமெரிக்கப் பிக்கப்களில் பரவலாகப் பயன்படும் எல்டி 245/75 ஆர்16 என்ற சுமைவண்டி டயர், 50 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற காற்றழுத்த அளவு, பிஎஸ்ஐ) காற்றில் சுமார் 1,000 கிலோவைத் தாங்கும்; 80 பவுண்டு தாங்கக்கூடிய கனமான வகையாக இருந்தால், அந்த அழுத்தத்தில் சுமார் 1,380 கிலோவைத் தாங்கும். அந்தக் கனமான வகையை வாங்கி மாட்டிவிட்டு அதில் 50 பவுண்டு மட்டும் வைத்தால், அது 1,000 கிலோ டயர்தான். கூடுதல் விலை கொடுத்து வாங்கிய வலிமை காற்று வைக்காத வரை நமக்குக் கிடைப்பதில்லை.

டயரின் பக்கச் சுவரில் பொறித்திருக்கும் அழுத்தத்தை நம் வண்டிக்கான பரிந்துரை என்று எடுத்துக்கொள்வது மிகப் பரவலான தவறு. அந்த டயர் தன் உச்சச் சுமையைத் தாங்குவதற்கு வேண்டிய அழுத்தம் அது. அதே டயர் எடை குறைந்த வண்டியிலும் ஓடலாம், எடை மிகுந்த வண்டியிலும் ஓடலாம். எந்த வண்டியில் மாட்டப்போகிறோம் என்பது டயர் நிறுவனத்துக்குத் தெரியாது. வண்டியை வடிவமைத்தவர்கள் சொல்லும் அளவு, ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டிய சீட்டிலோ உரிமையாளர் கையேட்டிலோ இருக்கும். முன்சக்கரம், பின்சக்கரம், வெறும் வண்டி, முழுச் சுமை என்று அதில் தனித்தனியே குறித்திருந்தால், அவ்வாறு பிரித்திருப்பதற்குக் காரணம் உண்டு என்பதை நாம் மதிக்க வேண்டும்.

காலியான பிக்கப்பில் இஞ்சினும் ஓட்டுநரும் முன்பக்கம் இருப்பதால் முன் அச்சின் எடையே மிகுதி. பின்னால் வெறும் தொட்டி மட்டுமே. மூட்டைகள் ஏறியதும் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. ஏற்றிய எடையில் பெரும்பகுதி பின் அச்சின் மேலேயே விழுகிறது. முன் அச்சின் எடை சிறிதளவே மாறுகிறது. அதனால் முன்சக்கரத்தின் காற்றை ஏறக்குறைய ஒரே அளவில் வைத்துக்கொண்டு, பின்சக்கரத்தின் காற்றைச் சுமைக்கேற்ப மாற்றுவதே முறை. முழுச் சுமைக்கான காற்றோடு காலியாக மலையேறும் வண்டியின் பின்சக்கரம் சாலையை நடுப்பட்டையால் மட்டுமே தொடுகிறது. மழைநாளில் பர்லியாறு தாண்டிய கொண்டைஊசி வளைவுகளில் அந்தப் பின்பக்கம் துள்ளுவதையும், பிரேக் மிதித்ததும் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டு வழுக்குவதையும் இந்தப் பாதையில் ஓட்டுபவர்கள் நன்கு அறிவார்கள். நாள்தோறும் காலியாகப் போய்ச் சுமையோடு திரும்பும் வண்டிக்கு இரு தடவையும் காற்றை மாற்றுவது நடைமுறையில் எளிதன்று. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் சுமைக்கான அளவையே வைத்துக்கொண்டு, காலியாகப் போகும்போது மெதுவாக ஓட்டுவதுதான் பாதுகாப்பு என்பது என் முடிவு. குறைந்த காற்றால் வரும் கேடு மிகுந்த காற்றால் வரும் கேட்டைவிடப் பல மடங்கு பெரியது.

இந்த அளவிலான டயர் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் சுமார் 420 தடவை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் தரையைத் தொடும் இடத்தில் பக்கச் சுவர் மடங்கி நிமிர்கிறது. காற்று குறைந்தால் மடிப்பு ஆழமாகிறது, ஒவ்வொரு மடிப்பும் வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பம் வெளியேறும் வேகத்தைவிடச் சேரும் வேகம் கூடும்போது, ரப்பருக்கும் உள்ளிருக்கும் எஃகு இழைப் பட்டைகளுக்கும் இடையிலான பிணைப்பு தளர்கிறது. ஒருநாள் நெடுஞ்சாலையில் டயர் வெடித்ததாக நாம் சொல்கிறோம். உண்மையில் அது பல வாரங்களாகச் சேர்ந்து வந்த சேதம்.

இதன் விலையை உலகம் 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பார்த்தது. ரேஞ்சர் பிக்கப்பின் அடித்தளத்திலிருந்து உருவான ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்பட்டை பிரிந்து, வண்டிகள் உருண்டு, 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த ஆகஸ்டில் சுமார் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. வண்டி நிறுவனம் பரிந்துரைத்த அழுத்தம் 26 பவுண்டு, டயர் நிறுவனம் வேண்டும் என்றது 30 பவுண்டு. டயர் தயாரிப்பில் இருந்த குறையோடு இந்த நான்கு பவுண்டு வேறுபாடும் அன்றைய விவாதத்தின் மையத்தில் இருந்தது. அந்த நிகழ்வுக்குப் பின் வந்த சட்டத்தால்தான் டயர் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு அமெரிக்க வண்டிகளில் கட்டாயமானது. ஆனால் அந்த விதி, பரிந்துரைத்த அளவிலிருந்து 25 விழுக்காடு குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. 60 பவுண்டு வேண்டிய பின்சக்கரம் 45-க்கு இறங்கும் வரை விளக்கு அமைதியாக இருக்கலாம் என்பதால், சுமைவண்டிக்காரர்கள் அந்த விளக்கை மட்டும் நம்பி இருப்பதை நான் ஏற்க மாட்டேன்.

இனி எடைமேடைக் கணக்கு. வழக்கமாக ஏற்றும் சுமையை ஏற்றிக்கொண்டு, முதலில் முன்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி எடை எடுக்க வேண்டும். பிறகு பின்சக்கரங்களை மட்டும். பின் அச்சில் 2,000 கிலோ என்று வந்தால் சக்கரத்துக்கு 1,000 கிலோ. மேலே சொன்ன டயராக இருந்தால் அதற்குக் குறைந்தபட்சம் 50 பவுண்டு வேண்டும். ஆனால் மூட்டைகள் இரு பக்கமும் சமமாக அமைவதே இல்லை; வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் எடையைச் சுமக்கிறது; கேத்தி பாலாடா போன்ற இடங்களில் கழுவி ஈரத்தோடு மூட்டை கட்டிய கேரட், காய்ந்த மூட்டையைவிடக் கனமானது. ஆகவே கணக்கில் வரும் எடையோடு பத்து விழுக்காடாவது சேர்த்து, அதற்குரிய அழுத்தத்தை டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணையில் பார்ப்பது என் வழக்கம். அட்டவணை சொல்லும் எண் கதவுச் சீட்டில் உள்ள எண்ணைவிடக் குறைவாக வந்தால், சீட்டில் உள்ளதையே வைக்கிறேன். தேவைப்படும் அழுத்தம் டயரின் உச்ச அளவையே தாண்டினால், தவறு காற்றில் இல்லை, ஏற்றிய சுமையில் இருக்கிறது. அப்போது இறக்க வேண்டியது மூட்டையைத்தான். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி மிகைச் சுமைக்கு 20,000 ரூபாயும், கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்பதையும் நினைவில் வைப்பது நல்லது.

இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற இரட்டை வரிசைப் பிக்கப் வைத்திருப்பவர்கள் கரடுமுரடான பாதைக்கான டயருக்கு மாறும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. கார் வகை டயர் ஏறக்குறைய 35 அல்லது 36 பவுண்டிலேயே தன் முழுத் திறனை அடைந்துவிடும். எல்டி என்று குறித்த சுமைவண்டி வகை டயர் அதே எடையைத் தாங்குவதற்குக் கூடுதல் அழுத்தம் கேட்கும். பார்வைக்குப் பருமனாக, முரட்டுத்தனமாக இருக்கும் புதிய டயரில் பழைய சீட்டின் எண்ணையே வைத்தால், முன்பு இருந்ததைவிடக் குறைந்த சுமைத் திறனோடு வண்டி ஓடும். டயரின் வகை மாறினால் கணக்கையும் புதிதாகப் போட வேண்டும்.

காற்றை அளக்க வேண்டியது டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு. குன்னூர் மலைப்பாதையில் பிரேக் சூட்டோடு இறங்கி வந்த சக்கரத்தில் ஐந்தாறு பவுண்டோ அதற்கு மேலோ கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் டயர் தேவைக்குக் கீழே நிற்கும். மலையில் அளந்தால் அடிவாரத்தில் மாறிவிடாதா என்று பலர் கேட்பதுண்டு. உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தோடு ஒப்பிட்டால் அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் மூன்று பவுண்டு குறைவு என்பதால் காற்றழுத்தத்தை அளக்கும் கேஜ் அந்த அளவு கூட்டிக் காட்டும். ஆனால் அங்குள்ள குளிர் டயருக்குள் இருக்கும் காற்றைச் சுருக்கி, ஏறக்குறைய அதே அளவைக் குறைத்துவிடுகிறது. பத்து டிகிரிக் காலையில் உதகையில் 50 பவுண்டு வைத்த டயர், இருபத்தேழு டிகிரி உள்ள மேட்டுப்பாளையத்தில் ஆறிய பிறகும் 50-ஐ ஒட்டியே இருக்கும் என்று கணக்குக் காட்டுகிறது. ஒன்றையொன்று ஈடுசெய்யும் இந்த இரண்டு விளைவுகளும் மலைவண்டிக்காரர்களுக்கு இயற்கை தந்த சலுகை என்றே எனக்குத் தோன்றுகிறது.

நைட்ரஜன் நிரப்புவதால் தீங்கு ஒன்றும் இல்லை. ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். சூட்டில் அது விரிவதும் அதே அளவுதான் என்பதால், அந்தப் பணத்தில் நல்ல கேஜ் ஒன்று வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைப்பேன். பெட்ரோல் பங்குகளில் உள்ள கேஜ்கள் ஒன்றுக்கொன்று வேறுபடும். எப்போதும் ஒரே கேஜில் அளந்தால்தான், எந்தச் சக்கரம் மெல்ல இறங்குகிறது என்பது தெரியவரும். வைத்த அளவு சரிதானா என்பதை டயரின் தேய்மானமும் சில மாதங்களில் சொல்லிவிடும்: இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்று குறைவு, நடுப்பகுதி தேய்ந்தால் மிகுதி, ஒரே ஓரம் மட்டும் தேய்ந்தால் பார்க்க வேண்டியது சக்கரங்களின் நேர்நிலை, அதாவது அலைன்மென்ட்.

ஸ்டெப்னியை மட்டும் பின்சக்கரத்துக்கான முழுச் சுமை அளவில் வைத்திருங்கள். முன்னால் மாட்ட நேர்ந்தால் வால்வை அழுத்திக் காற்றை இறக்கிக்கொள்ளலாம். நள்ளிரவில் மலைப்பாதையில் பின்சக்கரத்துக்கு மாட்ட நேர்ந்தால், குறையும் காற்றைச் சேர்க்க அங்கே கம்ப்ரசர் இருக்காது.