லைட்ரூம் பழைய பேக்கப்ப அழிக்க உக்காந்தப்போ

திருநெல்வேலி வண்ணார்பேட்டைல சின்னதா ஸ்டுடியோ வச்சிருக்கேன், கல்யாணம் சடங்கு வளைகாப்புன்னு 2014ல இருந்து எடுத்தது எல்லாம் ஒரே லைட்ரூம் (படம் திருத்துற சாஃப்ட்வேர்) கேட்டலாக்லதான், அதாவது எந்தப் படம் எங்க இருக்கு, அதுல என்ன எடிட் பண்ணேன்னு குறிச்சு வைக்கிற ஃபைல்லதான் கெடக்கு. போன மாசம் டி டிரைவ் செவப்பு காட்டிருச்சு, என்னன்னு பாத்தா பேக்கப்ஸ் ஃபோல்டர் மட்டும் 160 ஜிபி. வாரத்துக்கு ஒருக்கா மூடும்போது பேக்கப் எடுன்னு வச்சிருந்தேன், என்கிட்ட இருக்கிற வெர்ஷன்ல பழச அதுவா அழிக்காது, தேதியும் நேரமும் பேரா போட்டு அடுக்கிக்கிட்டே போகும். 2015க்கு முந்தி எடுத்ததெல்லாம் சுருக்காம முழு ஃபைலா கெடக்கு, அதுக்கப்புறம் வந்ததுதான் ஜிப்.

சரி, கடைசி ரெண்ட மட்டும் வச்சுட்டு மிச்சத்த அழிச்சிருவோம்னு இருந்தேன். அன்னைக்கு சாயங்காலம் ஒரு அண்ணாச்சி வந்தாவ. "தம்பி, 2019ல எங்க வீட்டு வளைகாப்பு எடுத்தீயல்லா, அம்மா தவறிட்டாவ, ஆல்பத்துல இருக்க மாதிரியே பெருசா ஒண்ணு போட்டுத் தாங்க"ன்னாவ. அந்தப் படம் எனக்கு மறக்கல. வளையல் தட்டுக்குப் பின்னால ஆச்சி ஓரமா உக்காந்திருப்பாவ, காதுல பாம்படம் தோள் வரைக்கும் தொங்கும், ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம் அடிச்சு முகத்துல பாதி இருட்டு. முகத்த மட்டும் பிரஷ் போட்டுத் தூக்கி, பாம்படத்துல தங்கம் வெளுத்துறாம பாத்துப் பாத்து ஒரு ராத்திரி முழுக்க உக்காந்து செஞ்சது அது.

தேடுனா கேட்டலாக்ல இல்ல. 2021ல லோடு குறையட்டும்னு பழைய ஃபோல்டர் பலத நானே ரிமூவ் பண்ணியிருக்கேன், ரா ஃபைல் (கேமரால இருந்து வந்த மூலப் படம்) எக்ஸ்டர்னல் டிரைவ்ல பத்திரமா இருக்கேன்னு நெனப்பு. ரா இருந்துச்சு, நான் செஞ்ச எடிட் ஒண்ணுகூட இல்ல. இங்கதான் நெறைய பேர் குழம்புறாவ: கேட்டலாக் பேக்கப்ல படம் இருக்காது, கிராப், கலர், ஸ்டார், கலெக்‌ஷன் இதுதான் இருக்கும், அதனால படமும் வேணும் பேக்கப்பும் வேணும், ஒண்ணு இருந்தா போதாது.

நல்லவேளை எதையும் அழிக்கல. 2019 டிசம்பர் ஜிப்ப எடுத்து தனியா ஒரு ஃபோல்டர்ல விரிச்சேன், இப்ப ஓடுற கேட்டலாக் மேல போட்டுறாதீய, இப்ப இருக்கிறது போயிரும். திறந்ததும் பழைய வெர்ஷன் அப்கிரேட் பண்ணவான்னு கேட்டுச்சு, சரின்னேன், அது புதுசா ஒரு காப்பிதான் போடும், பழசு அப்படியே இருக்கும். டிரைவ் எழுத்து மாறிட்டதால எல்லா ஃபோல்டர்லயும் கேள்விக்குறி, ரைட் கிளிக் பண்ணி ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர்ல ரா இருக்கிற இடத்தக் காட்டுனதும் படம் பூரா வந்து நின்னுச்சு, ஆச்சியும் அதே வெளிச்சத்தோட. அந்த ஃபோல்டர மட்டும் தனி கேட்டலாக்கா எக்ஸ்போர்ட் பண்ணி, மெயின் கேட்டலாக்ல இம்போர்ட் ஃப்ரம் அனதர் கேட்டலாக்னு உள்ள எடுத்தாச்சு. ரெண்டு நாள்ல பிரிண்ட் குடுத்தேன், அண்ணாச்சி ரொம்ப நேரம் பேசல, பாத்துக்கிட்டே நின்னாவ.

அப்புறம் நிதானமா உக்காந்து கழிச்சேன். கடைசி அஞ்சு, ஒவ்வொரு வருசத்துக்கும் டிசம்பர்ல எடுத்தது ஒண்ணு, ஒவ்வொரு பெரிய அப்கிரேடுக்கும் முந்தி எடுத்தது ஒண்ணு, இது மட்டும் மிச்சம். வச்சுக்கிட்ட ஒவ்வொண்ணையும் விரிச்சு திறந்து பாத்தேன், ஒரு ஜிப் திறக்கவே இல்ல, அதுக்கு முந்துன வாரத்தது நல்லா இருந்துச்சு, அத வச்சுக்கிட்டேன். இந்த வேலைக்கு ரெண்டு ராத்திரி ஆச்சு, ஆனா திறந்து பாக்காத பேக்கப்ப நம்பி மத்தத அழிக்க எனக்கு மனசு வரல.

எடமும் மாத்திட்டேன். நாம மாத்தாம விட்டா பேக்கப் கேட்டலாக் பக்கத்துலயே, அதே டிரைவ்லதான் போயி உக்காரும். 2023 டிசம்பர் வெள்ளத்துல தாமிரபரணி தண்ணி கடைக்குள்ள வந்தப்போ சிபியூவத் தூக்கிக்கிட்டு மாடிக்கு ஓடுனோம், அன்னைக்கு அது நனைஞ்சிருந்தா கேட்டலாக்கும் போயிருக்கும் பேக்கப்பும் போயிருக்கும். இப்ப பேக்கப் வேற டிரைவ்ல விழுது, இன்னொரு காப்பி அம்பாசமுத்திரத்துல அக்கா வீட்டு பீரோல. வேலை முடிஞ்ச படத்துக்கு கண்ட்ரோல் எஸ் அடிச்சு எடிட்ட ரா பக்கத்துலயே எக்ஸ்எம்பிங்கிற சின்ன ஃபைலாவும் போட்டு வைக்கேன், ஒரே படத்துக்கு இன்னொரு எடிட்டா வைக்கிற விர்ச்சுவல் காப்பியும் கலெக்‌ஷனும் அதுல வராது, அதுக்கு பேக்கப்தான்.

160 ஜிபி இப்ப 19 ஆயிருக்கு, அந்த 2019 டிசம்பர் ஜிப் மட்டும் மூணு எடத்துல இருக்கு.